பெட்டியில் ஐஸ் இல்லை

காபிக்கு நன்றி, அம்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, ஆனால் லிமோன் துறைமுகத்தில் பிறந்தவன் அதைக் குறையென்று சொல்ல மாட்டான். நாற்காலியும் வசதியாக இருக்கிறது. போன தடவை உங்கள் போலீஸ்காரர் ஒருவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். அப்போது நான் சொன்னது அத்தனையும் பொய். ஸ்டூல் மீது பழி போடவில்லை. இன்று நிதானமாகப் பேசலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

மேஜை மேல் நீங்கள் வைத்திருக்கும் படம் அருமையான படம். அடிக்கடி எங்கள் கப்பலில் வரும் மிஸஸ் ஹார்ட்விக் எடுத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் எப்போதும் பூவுக்கு முக்கால் இடம் கொடுத்து ஆட்களை ஓரத்தில் தள்ளிவிடுவார். அந்தச் சிவப்பு இஞ்சிப்பூ எவ்வளவு பளிச்சென்று விழுந்திருக்கிறது பாருங்கள். அதற்குப் பின்னால் ஹிமெனா, கையில் துணிப்பை. அவள் காலடியில் திறந்து கிடக்கும் ஐஸ் பெட்டி. இந்த ஓரத்தில் அன்னாசித் துண்டோடு சிரித்துக்கொண்டு நிற்பவன் நான். எந்தப் படத்திலும் நான் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். தொழில் அப்படி.

ஹிமெனா எப்படி இறந்தாள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். சொல்லாமல் விட மாட்டேன். ஆனால் என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் நீங்கள் என்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கப்பல் காலையில் வந்து நிற்கும். சாயங்காலம் சங்கு ஊதிவிட்டுப் போய்விடும். இறங்குகிறவர்களில் சிலர் கடைக்குப் போவார்கள், சிலர் மணலில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டியவர்கள் என்னிடம் வருவார்கள். என் நண்பன் கத்பர்ட் படகை ஓட்டுவான், நான் முன்னால் நின்று பேசுவேன். வாய்க்கால் வழியே போய்ச் செடி கொடி, பறவை, விலங்கு எல்லாவற்றையும் படம் பிடித்து, நடுவில் ஒரு துறையில் இறங்கிப் பழம் தின்று, சங்கு ஊதுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாடு காட்டுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். சோம்பேறி என்ற விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டார் ஸ்லாத் என்பார்கள், நமக்கு அது சோம்பேறிதான். அதன் சிரித்த முகத்தைப் பார்ப்பதற்காகவே பாதிப் பேர் கப்பல் ஏறுகிறார்கள். அதுவோ உச்சாணிக் கிளையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த சாக்குப் போலத் தொங்கும். சிவப்புக்கண் தவளை பகல் முழுக்க இலைக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு தூங்கும். அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த ஒரு கிழவியிடம், "அதோ, அந்தப் பழுப்பா தெரியுதே, அதான்" என்று கை காட்ட எனக்கு மனசு வராது. நான் இளகின மனசுக்காரன், அம்மா.

பக்கத்துத் துறைக்காரர்களுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஒரு பயணம் முழுக்க மழை, ஒரே ஒரு கொக்கு. அடுத்த கப்பலிலிருந்து அவர்கள் பக்கம் யாரையும் அனுப்பவில்லை. இப்போது அந்தப் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. அடியில் கோழிகள் முட்டையிடுகின்றன. என் படகுக்கும் அந்த நிலை வரக் கூடாது. நான் செய்த எதை எடுத்தாலும் அடியில் இந்த ஒரு கவலைதான் இருக்கும்.

பூவில்தான் ஆரம்பித்தேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம். பூத்திருக்கும் தண்டை வெட்டி வந்து, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் மீன் பிடிக்கும் நைலான் நரம்பால் கட்டி நிறுத்திவிடுவேன். ஒரு நாளைக்கு வாடாது. எங்கள் மூதாதையர் இந்த மண்ணில் வந்து இறங்கிய கதையையும் சேர்த்துச் சொன்னால் பூ இன்னும் சிவப்பாகத் தெரியும். அப்புறம் தவளை. தவளையைக் கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால் அது இலைமேல் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும், கண்ணைத் திறந்துகொண்டு. குளிரில் அதற்கு ஓடத் தோன்றாது. ஆளாளுக்குக் கிட்டப் போய்ப் படம் எடுக்கலாம். வெயில் பட்டதும் தானாகக் குதித்துப் போய்விடும். எல்லாம் குதித்தன என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை குதித்தன.

பெட்டியில் இன்னொரு பக்கம் எங்கள் ஊர் பானம் இருக்கும். வெல்லம், இஞ்சி, எலுமிச்சை. அதற்குத் தேரைத் தண்ணி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. மிஸஸ் ஹார்ட்விக் ஒவ்வொரு தடவையும் அதைக் குடித்துவிட்டு, "இதுல நெஜமாவே தேரை இல்லதானே, லின்வல்?" என்று கேட்பார். "இல்லவே இல்லைங்க, சத்தியமா" என்பேன். தேரை இல்லை, தவளைதான் இருந்தது. அதுவும் தனி டப்பாவில். சுத்தம் விஷயத்தில் நான் கறார்.

டோரிஸைப் பற்றி உங்கள் ஆட்கள் ஏதேதோ எழுதியிருப்பார்கள். டோரிஸ் எங்கள் சோம்பேறி. துறையில் கொட்டகைக்குப் பக்கத்து மரத்தில், ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பாள். உச்சிக்கு ஏற முடியாதபடி நகத்தை ஒட்ட வெட்டிவிட்டிருந்தேன். விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்பில் ஒரு நரம்பு, முடிக்குள் மறைந்திருக்கும். செம்பருத்திப் பூ என்றால் உயிர். நானே ஊட்டிவிடுவேன். அவளுக்கு எங்கேயும் போக ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் காட்டியிருப்பாள். வந்தவர்களே மறுபடி வந்து பெயர் சொல்லி விசாரிப்பதால் எப்போதும் அவளுக்கு டோரிஸ் என்றே பெயர் வைத்தேன். இப்போது நீங்கள் விலங்குக் காப்பகத்தில் வைத்திருப்பவள் நான்காவது டோரிஸ். செம்பருத்தியைக் காம்பு கிள்ளிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சீமாட்டிதான் எங்கள் மகுடம். மஞ்சள் விரியன். கண்ணுக்கு மேல் இமைமயிர் போலச் செதில் நிற்கும். பொன்னில் செய்த நகை ஒன்று கிளையில் சுற்றிக் கிடப்பதாகத் தோன்றும். ஒரு துணிப்பையில் போட்டு, பையின் வாயை நரம்பால் கட்டி, ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவருவேன். அப்புறம் பெரிய இலைமேல் அவளைக் கிடத்திவிட்டால் போதும். ஆனானப்பட்ட கேமராக்காரர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு நிற்பார்கள். இந்த உலகத்தில் மனிதர்களை முட்டி போட வைக்கிற வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

குளிர்ந்த பாம்பைப் பற்றிப் பயப்பட எதுவும் இல்லை. ஒரு பை உருளைக்கிழங்கைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கலாம். குளிராத பாம்பு துணி வழியாகவே கடித்துவிடும் என்பதை இங்கே யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. பெட்டியில் இருக்கும் பை என்றால் குளிர்ந்த பை. எங்கள் துறையில் அது பழக்கமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஹிமெனா வந்தாள். ஒவ்வொரு படகிலும் இயற்கை படித்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கப்பல்காரர்கள் புதிதாக விதி போட்டார்கள். மலைப்பக்கம் கார்த்தாகோவிலிருந்து பல்கலைக்கழகம் முடித்த பெண்ணை அனுப்பினார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. மலைக்காரர்கள் வழக்கப்படி எனக்கு மரியாதையாக 'தோன்' போட்டுத்தான் பேசுவாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன், இப்போதும் பிடிக்கும்.

முதல் நாளே அவள் நேராகப் பூத்தண்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, விரலால் நரம்பைச் சுண்டிப் பார்த்தாள்.

"தோன் லின்வல், இந்தச் செடிக்கு நைலான்ல வேர் விடுமா?"

கத்பர்ட் படகிலிருந்தே, "வசமா மாட்டிக்கிட்டியாடா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பயணிகளும் என்னவென்று புரியாமல் சிரித்தார்கள். அவள் இருந்தால் படகில் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது.

ஆனால் அவளுக்குத் தொழில் தெரியவில்லை, அம்மா. கரையில் மக்கிக் கிடந்த ஒரு கட்டையைக் காட்டி, அதில் முளைத்த காளானைப் பற்றி நெடுநேரம் பேசுவாள். எறும்பு வரிசையைப் படம் பிடிக்கச் சொல்லி எல்லாரையும் சேற்றில் படுக்க வைப்பாள். சிலர் சந்தோஷமாகத்தான் படுத்தார்கள், மறுக்கவில்லை. மிஸஸ் ஹார்ட்விக் எறும்பு இலை தூக்கிப் போகும் படத்தை எனக்கே காட்டிப் பெருமைப்பட்டார். அதெல்லாம் ஒரு நாள் கூத்து. சீமாட்டியைக் கேட்டு வந்தவர்களிடம் எறும்பைக் கொடுத்தால் கப்பல் எத்தனை நாள் பொறுக்கும்?

ஒருநாள் நான் பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது தவளை டப்பா காலியாகிவிட்டது. கேட்டேன்.

"அதுங்களே போயிடுச்சு, தோன் லின்வல்" என்றாள், முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

"மூடியத் தெறந்துக்கிட்டா போச்சு?"

"மூடியும் அதுங்களே தெறந்துதுங்க. ரொம்பக் கெட்டிக்காரத் தவளைங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொண்டேன். நான் அன்னாசி நறுக்கத் திரும்பினால் இந்தப் பெண் பெட்டியைத் திறக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பயணிகள் போன பிறகு, அவள் கொட்டகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கத்பர்ட்டின் மனைவி கட்டிக் கொடுத்த தேங்காய்ப்பால் சோறும் பீன்ஸும் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டோரிஸின் இடுப்பு நரம்பு உள்ளே சதைக்குள் புதைந்திருப்பதை அன்றுதான் அவள் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டைத் தொடவே இல்லை.

"உங்க கதையெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தோன் லின்வல். நீங்க பேச ஆரம்பிச்சா நானே வேலைய விட்டுட்டுக் கேட்டுட்டு நிக்கறேன். அதனாலதான் மொதல்ல உங்ககிட்ட சொல்றேன். முதுகுக்குப் பின்னாடி போக மாட்டேன்."

"என்ன மகளே?"

"வியாழக்கிழமை கப்பலுக்கு அந்தப் பெட்டியில ஐஸ் இருக்கக் கூடாது. டோரிஸ அவுத்து மருத்துவர்கிட்டக் கொண்டுபோகணும். இல்லன்னா அன்னைக்குச் சாயங்காலமே கப்பல் ஆபீஸ்ல எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

"ஐஸ் இல்லாம தேரைத் தண்ணி எப்படிக் குடிப்பாங்க?"

"வெதுவெதுன்னு குடிக்கட்டும். தொண்டைக்கு நல்லது."

கத்பர்ட் தட்டைக் கழுவ எழுந்து போனான். அவன் நல்லவன், அம்மா. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பிறகு நான் செய்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. அவனையும் ஸ்டூலில் உட்கார வைக்காதீர்கள்.

நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னபடி செய்தால் தவளை இல்லை, சீமாட்டி இல்லை, டோரிஸ் இல்லை. இரண்டு கப்பல் தாங்காது. செய்யாவிட்டால் அவள் போய்ச் சொல்லிவிடுவாள். ஒரே கப்பலில் முடிந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் என் படகு கவிழ்ந்து அடியில் கோழி முட்டையிடும். நீங்களே என் இடத்தில் இருந்தாலும் வேறு வழி இருக்கிறதா என்று தேடியிருப்பீர்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் சீமாட்டியைக் கொண்டுபோய், அவளைப் பிடித்த அதே மரத்தடியில் விட்டேன். என் கையாலேயே விட்டேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாக ஏறிப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹிமெனா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அப்புறம் வாழைத்தோட்டத்து வடிகாலுக்குப் போனேன். வெல்வெட்டுப் பாம்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் வாழைத்தார் வெட்டுகிறவன் ஒவ்வொருவனும் அதற்குப் பயந்துதான் பூட்ஸ் போடுகிறான். முதுகு வெல்வெட்டுத் துணி மாதிரி, குணம் நேர் எதிர். கொக்கியால் ஒன்றைப் பிடித்து, சீமாட்டியின் பையில் போட்டு, பையின் வாயை அதே முடிச்சில் கட்டி, பெட்டிக்குள் வைத்தேன். பானத்தை வேறு பெட்டிக்கு மாற்றினேன். ஐஸ் போடவில்லை. வெயில் ஏற ஏறப் பெட்டி சூடாகியது. டோரிஸ் மரத்திலேயே இருந்தாள். மருத்துவரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் வழக்கம்போலப் பூவும் கட்டினேன். கொட்டகைக்குப் பக்கத்தில், காலை வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில், ஒரு சிவப்பு இஞ்சிப்பூ. பெட்டிக்கு முன்னாலேயே கட்டிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருடமாக எந்த இடத்தில் பூ வைத்தால் எந்தக் கேமரா எங்கே திரும்பும் என்று கணக்குப் போட்டவன் நான். அன்று கை பழக்கத்தில் கட்டிவிட்டது. மிஸஸ் ஹார்ட்விக் லென்ஸை அந்தப் பூவுக்குத்தான் திருப்பினார். பாவம், படத்தில் நான் நன்றாக விழுந்திருக்கிறேன் என்று எனக்குப் பரிசாகத்தான் இந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார். துறை ஆபீஸ் வழியாக வந்ததால் உங்கள் கைக்கு முதலில் கிடைத்துவிட்டது.

அன்றைய பயணம் நன்றாகவே போனது. நீல மார்பு நாரை ஒன்று எதிரிலேயே நின்று படம் கொடுத்தது. குரங்குக் கூட்டம் ஒன்று கத்பர்ட்டின் தொப்பி மேல் பழக்கொட்டை எறிந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தந்திரமும் செய்யாமல் கிடைத்த நாள் அது. அதை நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

துறையில் இறங்கியதும் ஹிமெனா பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் மிஸஸ் ஹார்ட்விக்கும் இருந்தார், கத்பர்ட்டும் இருந்தான். அவர்கள் முன்னால் நான் சொன்னதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

"நீ சொன்னபடியே, மகளே. இன்னைக்குப் பெட்டியில ஐஸ் இல்ல."

"சீமாட்டி?"

"காலைலயே காட்டுல விட்டுட்டேன்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பொய் சொல்றப்போ உங்களுக்கு மூக்கு விரியுது, தோன் லின்வல்."

அன்று என் மூக்கு விரிந்திருக்க நியாயமே இல்லை. நான் சொன்னது இரண்டும் சத்தியம்.

நான் அன்னாசி நறுக்கத் திரும்பினேன். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குனிந்து பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பாவம், குளிரில் கிடந்ததே, உடம்புச் சூடு பட்டால் சீக்கிரம் தெளியும் என்று நினைத்திருப்பாள். பெட்டிக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை, பை காய்ந்து கிடந்தது. படத்தில் நீங்கள் கண்டுபிடித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற நாள் படங்களிலெல்லாம் அந்தப் பை நனைந்து சொட்டும். பை சூடாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த கணத்தில் கேமரா சொடுக்கியிருக்கிறது. அவள் முகத்தில் இருக்கும் கேள்வி அதுதான். அடுத்த கணம் படத்தில் இல்லை.

துணி வழியாகப் பாம்பு இரண்டு முறை கடித்தது. அவள் கத்தவில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து, மண்ணில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் பையை எடுத்து வாய்க்காலில் எறிந்தேன். புதர்ப்பக்கம் போனவளை ஏதோ கடித்துவிட்டது என்று பயணிகளிடம் சொன்னேன். உங்கள் ஆளிடம் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னதும் அதுதான்.

படகில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கத்பர்ட் இஞ்சினை முழு வேகத்தில் விட்டான். பெரிய வாய்க்காலில் போனால் மொயின் துறை கிட்டத்தில்தான், அங்கே ஆஸ்பத்திரி வண்டி நிற்கும், மருந்து இருக்கும், பிழைத்துவிடுவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பிழைத்தால் பேசுவாள்.

"பழைய வாய்க்கால்ல திருப்பு. குறுக்கு வழி" என்றேன்.

"அங்க ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்குமேடா."

"முந்தாநேத்துதான் வெட்டி விட்டாங்க. நான் பாத்தேன்."

கத்பர்ட் என்னை நம்பினான். அவன் எப்போதும் என்னை நம்புவான். கொஞ்ச தூரத்திலேயே இஞ்சினில் கொடி சுற்றிக்கொண்டது. படகு நின்றுவிட்டது. சுற்றிலும் ஆகாயத்தாமரை, கண்ணுக்கெட்டிய வரை ஊதாப் பூ. அந்தப் பூக்களை அவ்வளவு மொத்தமாக நான்கூடப் பார்த்ததில்லை. கத்பர்ட் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கொடியை வெட்டிக்கொண்டிருந்தான். பயணிகள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இலைமேல் நடந்து போகும் தாமரைக்கோழி ஒன்றைக் காட்டினேன். பயந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் நல்லது. ஒருவர் தயங்கிக் கேமராவை எடுத்தார், பிறகு இன்னொருவர். மிஸஸ் ஹார்ட்விக் மட்டும் எடுக்கவில்லை. தன் தொப்பியால் ஹிமெனாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

ஹிமெனாவின் கை அதற்குள் கருத்து வீங்கிவிட்டது. கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது மஞ்சள் இல்ல, தோன் லின்வல்."

"பேசாம படு, மகளே."

"ஐஸ்... நெஜமாவே போடலியா?"

"நெஜமாவே போடல."

அதைக் கேட்டு ஒரு மாதிரிச் சிரித்தாள். அவ்வளவுதான் அவள் என்னோடு பேசியது. கொடியை வெட்டிக் கரை சேர்வதற்குள் மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது, மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். படகில் என் கையை அவள் கடைசி வரை விடவில்லை என்று மிஸஸ் ஹார்ட்விக் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மை.

இப்போது எங்கள் துறைக்கும் கப்பல் வரப்போவதில்லை என்று கத்பர்ட் சொல்லி அனுப்பினான். என்னென்ன செய்து காப்பாற்றிய படகு. பரவாயில்லை. நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாம்பைப் பிடித்தது நான், பையில் கட்டியது நான், அவள் எடுப்பாள் என்று தெரிந்தே வைத்தது நான், படகைத் திருப்பச் சொன்னதும் நான். எதையும் மறுக்கவில்லை. நீங்கள் மரியாதையாக நடத்தினீர்கள், அதனால் நானும் ஒளிக்கவில்லை.

ஒரு வரி மட்டும் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. அவள் அப்பா அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து இதைப் படிப்பார்கள். அன்று காலையில் எல்லார் முன்னாலும் நான் அந்தப் பெண்ணிடம் உண்மையைத்தான் சொன்னேன். என்னை நம்பியிருந்தால் இன்று அவள் உயிரோடு இருப்பாள்.